பாடியவருக்குப் பெயர் உண்டு

ஞாயிறு இரவு 'ஸ்வீட் லல்லபை' என்ற பாடலைப் பற்றிய இணைய உரையாடலில், பாடியவர் பெயரை நான் சொன்னதும் என் ஒலிவாங்கி அணைக்கப்பட்டதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "யார் பாடினால் என்ன, காதுக்கு இனிமையாக இருந்தால் போதாதா?" என்று நெறியாளர் சிரித்துக்கொண்டே கேட்டாரே, அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

போதாது ஐயா. பாடியவருக்குப் பெயர் உண்டு. அஃபுனாக்வா. சாலமன் தீவுகளில், மலைட்டா தீவைச் சேர்ந்த பேகு இனப் பெண். டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையர் 1992இல் வெளியிட்ட 'ஸ்வீட் லல்லபை' பாடலில், மின்னணு தாளத்துக்கு மேலே மிதந்து வருகிறதே, அந்தக் குரல் அவருடையது. ஹியூகோ செம்ப் என்ற இசை ஆய்வாளர் 1970 வாக்கில் பதிவுசெய்த தாலாட்டு அது. பெற்றோரை இழந்த தம்பியைத் தேற்றும் பாட்டு. அதைத்தான் நாம் 'மனத்துக்கு இதமான இசை' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நெறியாளரோ "ஆப்பிரிக்கக் காட்டின் ஆன்மா" என்று உருகினார். சாலமன் தீவுகள் பசிபிக் பெருங்கடலில் இருக்கின்றன. சின்னப் பிழைதான், ஒரு பெருங்கடல் அளவுக்கு. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. யான் கார்பரெக் போன்ற பெரிய சாக்ஸபோன் கலைஞரே 1996இல் இதே மெட்டை 'பிக்மி லல்லபை' என்று தலைப்பிட்டு வாசித்தார்; பிக்மி என்பது மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்களைக் குறிக்கும் பெயர். பாடியவர் பெயர் காணாமல் போனபின், அவர் ஊரை மட்டும் யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

"பாடியவர் பெயரைப் போடாதது அந்தக் காலத்து வழக்கம்" என்பார்கள். இருக்கட்டும். "நாட்டார் பாடலுக்கு ஏது உரிமையாளர்?" என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் மெட்டு ஊருக்குப் பொது என்றால் தொண்டையும் பொதுவா? எனிக்மா என்ற ஜெர்மன் இசைக்குழுவின் 'ரிட்டர்ன் டு இன்னசன்ஸ்' பாடலில் தைவானின் அமிஸ் இனத்து முதிய தம்பதியான டிஃபாங், இகாய் ஆகியோரின் குரல் அவர்களிடம் அனுமதி கேட்காமலேயே சேர்க்கப்பட்டது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், 1999இல் சமரசம் ஆயிற்று. பெயரும் வந்தது, பணமும் வந்தது. வழக்குப் போட வழியில்லாதவர்களுக்கு?

எனக்கு ஆத்திரமூட்டுவது இன்னொரு வாதம். "டீப் ஃபாரஸ்ட் எடுத்துப் போட்டதால்தானே உலகம் அந்தக் குரலைக் கேட்டது!" ஆகா, என்ன பெருந்தன்மை. கேட்ட உலகம் அஃபுனாக்வாவை ஒருமுறையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதா? 1998இல் அவர் இறந்தார். அதுவரை அவர் கைக்கு ஒரு காசும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

என் அம்மா கல்யாணத்துக்கு முன்பு ஒரு கேசட்டில் பாடியிருக்கிறார். இரண்டாவது பாடலில் நடுவே வரும் ஹம்மிங் முழுவதும் அவர்தான். அட்டையில் பாடகர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர் எல்லோர் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கடைசி வரியில் 'மற்றும் குழுவினர்'. சிறுவயதில் நான் அந்த அட்டையை விரித்து வைத்துக்கொண்டு, "இதில் நீ எங்கே அம்மா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் அதை மடிப்பு மாறாமல் மடித்துப் பெட்டிக்குள் செருகினார். எனவே, "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று என்னிடம் தயவுசெய்து கேட்காதீர்கள். எனக்கு இது பிரச்சினைதான்.

"நீயும்தான் அந்தப் பாட்டை ரசித்தாய்" என்று உள்பெட்டியில் ஒருவர் குத்திக்காட்டியிருக்கிறார். ரசித்தேன், இப்போதும் ரசிக்கிறேன். ரசிப்பவன் பெயரைக் கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எந்த சிந்தசைசர், எவ்வளவு எதிரொலி, எந்த நொடியில் தாளம் நுழைகிறது என்று அரைமணி நேரம் விளக்கத் தெரிந்த நெறியாளருக்கு, பாடிய பெண்ணின் பெயரைச் சொல்ல மட்டும் நேரமில்லை. நான் இடையில் சொன்னபோது என் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். "தலைப்பை விட்டு விலக வேண்டாம்" என்று அறிவுரை வேறு.

அந்த உரையாடலின் ஒலிப்பதிவை இந்த வாரம் வெளியிடுகிறார்களாம். பங்கேற்றவர்கள் பட்டியலில் என் பெயரைப் போட்டுச் சிரமப்பட வேண்டாம். 'மற்றும் சிலர்' என்று போட்டுக்கொள்ளுங்கள். என் பெயர் வர வேண்டிய இடத்தில் அஃபுனாக்வா என்று எழுதுங்கள்.