அந்தச் சினை மீன் படம் பற்றி

மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். ஏலவில்லை.

எந்தப் படம் என்று நோர்வேத் தமிழரின் இந்தக் குழுவில் இருக்கிற ஆட்களுக்குத் தெரியும். ஆற்றங்கரைக் கல்லில் கிடத்தின கடல் ட்ரவுட், சல்மனுக்குச் சொந்தக்கார மீன். பக்கத்தில் அளவு நாடா, 71 சென்ரிமீற்றர். அடுத்த படத்தில் நீலக் கோப்பை நிறையச் சினை. கீழே "மஞ்சள் போட்டுப் பொரியுங்கோ அண்ணை" என்று வரிசையாகப் பின்னூட்டங்கள். நான் எழுதினது ஒரே ஒரு வரி: "தம்பி, இவ்வளவு பெரிய தாய் மீனை விட்டிருக்கலாம்." அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததையும் வாசித்திருப்பீர்கள். "வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிற ஆள்" என்பது வரைக்கும் வந்துவிட்டது.

பிடித்த பொடியனோடு எனக்குக் கோபம் இல்லை. அரச மீன்பிடிக் கட்டணம் கட்டியிருக்கிறார், ஆற்றுக்கான கார்ட் வாங்கியிருக்கிறார், அந்த ஆற்றில் நாளுக்கு ஒன்று எடுக்கலாம், ஒன்றுதான் எடுத்திருக்கிறார். சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. நான் சட்டம் கதைக்கவில்லை. தாய் மீனை விடுங்கோ என்று கேட்கிறேன். அவ்வளவுதான்.

ஷோஓரெட் என்று நோர்வேக்காரர் சொல்கிற இந்த மீன் எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் இப்படி அந்தரப்படுகிறேன் என்று விளங்கும். ஓடையின் சரளைக் கல்லுக்குள் பொரித்து, ஆற்றிலேயே சில வருடம் கிடந்து, ஒரு சாண் வளர்ந்ததும் வசந்தத்தில் கடலுக்கு இறங்கும். எல்லாம் இறங்குவதில்லை. ஆணில் பலது ஆற்றிலேயே நின்றுவிடும். கடலுக்குப் போய்ப் பெருத்து வருவதில் பெரும்பங்கு பெண். பசிபிக் சல்மன் மாதிரி ஒருமுறை முட்டையிட்டுச் செத்துப்போகிற சாதியும் இல்லை இது. பிழைத்தால் அடுத்த வருடமும் வரும், அதற்கடுத்த வருடமும் வரும். கிலோவுக்கு ஆயிரம் முட்டைக்கு மேல் வைக்கும். 71 சென்ரிமீற்றர் மீன் என்றால் பல தடவை கடலுக்குப் போய், நீர்நாய்க்கும் சீலுக்கும் வலைக்கும் தப்பித் திரும்பி வந்த கிழவி. அந்த நீலக் கோப்பைக்குள் இருந்தது அந்த ஓடையின் வருங்காலம். தாய் மீனை விடுங்கோ என்று நான் கேட்டது அதற்காகத்தான்.

"நீங்கள் மட்டும் யோக்கியமோ?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இல்லை.

1987இல் நான் வந்து இறங்கினது நோர்வேயின் வடக்கில், ஃபின்மார்க்கில். அந்தக் காலத்தில் எங்கட ஆட்கள் கனபேர் அங்கே மீன் தொழிற்சாலைகளில்தான். பகல் முழுக்கக் கத்தியும் குளிர்ந்த மீனும், இரவில் தனி அறை. கோடையில் சூரியன் மறையாது, நித்திரையும் வராது. கூட வேலை செய்த ஒரு நோர்வேக் கிழவர்தான் ஒருநாள் கையில் தூண்டிலைத் தந்து ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருபது சொல்கூட இல்லை. அவர் காட்டினார், நான் செய்தேன். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் அப்பாவோடு களங்கட்டி வலைக்குப் போன பிறகு அன்றைக்குத்தான் நான் ஒரு மனிசனாகத் தண்ணிக்குப் பக்கத்தில் நின்றேன்.

மேற்குக் கரையில் பேர்கன் பக்கம் மாறி வந்தது 90களில். அப்போது இந்த ஆற்றில் ஆவணி இருட்டு விழத் தொடங்கினால் மீன் துள்ளுகிற சத்தம் பாலத்தில் நின்றாலே கேட்கும். ஒரே இரவில் ஏழு மீன் எடுத்திருக்கிறேன், எல்லாம் பெரிசு. குளிர்பெட்டி நிறைய வைத்து ஊர்க்காரர் எல்லாருக்கும் குடுத்தேன். அதில் நாலைந்து வயிறு நிறையச் சினையோடு இருந்தது. அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அந்த ஏழையும் நினைக்காமல் நான் அந்தப் பாலத்தைக் கடப்பதில்லை. போன கோடை முழுக்க நின்று எனக்குக் கிடைத்தது இரண்டு. அதனால்தான் தம்பிக்குச் சொன்னேன். நான் செய்யாததைப் பற்றிச் சொல்லவில்லை, செய்ததைப் பற்றித்தான் சொன்னேன்.

அடுத்தது, எல்லாரும் தூக்கி வருகிற பதில்: "சல்மன் பண்ணைக்காரனைக் கேளுங்கோ, ஒரு மீன் பிடிச்சவனைக் கேளாதேங்கோ."

கேட்காமலா இருக்கிறேன்? ஃபியோர்டுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே வருகிற கடலுக்குள், கூடு கூடாகச் சல்மன் வளர்க்கிறார்கள். அந்தக் கூடுகளில் பெருகுகிற கடற்பேன் வெளியே வந்து காட்டு மீனில் ஒட்டுகிறது. தோலையும் இரத்தத்தையும் தின்கிறது. காட்டுச் சல்மன் குஞ்சு ஃபியோர்டைக் கடந்து ஆழ்கடலுக்கு ஓடிவிடும். கடல் ட்ரவுட் ஓடாது. கோடை முழுக்கக் கரையோரமே மேயும், பேன் நடுவிலேயே வாழும். பேன் தாங்க முடியாமல் கடலில் இருக்கவேண்டிய காலத்தில் குஞ்சுகள் ஆற்று வாய்க்குத் திரும்பி வந்து நிற்பதை நானே கண்டிருக்கிறேன். நன்னீரில் பேன் உதிரும், ஆனால் அதுகள் வளர்வது எப்படி? 2017இல் கரையை 13 பகுதியாகப் பிரித்து, எங்கே பண்ணை பெருகலாம், எங்கே குறையவேண்டும் என்று சொல்லச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போக்குவரத்து விளக்கு முறை கொண்டுவந்தார்கள். அந்த விளக்கின் நிறத்தைத் தீர்மானிப்பது காட்டுச் சல்மன் குஞ்சுக்கு வரும் கேடு. பேன் நடுவிலேயே கிடக்கிற ட்ரவுட்டை வைத்து இல்லை. இது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. கடல் ட்ரவுட்டுக்குப் பெரிய கேடு பேன்தான் என்று இந்த நாட்டு விஞ்ஞானக் குழுவே சொல்கிறது. அவர்களுடைய 2022 அறிக்கைப்படி நல்ல நிலையில் உள்ள ட்ரவுட் ஆறுகள் நாலில் ஒன்றளவுதான்.

ஆகவே பண்ணைக்காரன் குற்றவாளிதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு ஒருவன் நெருப்பு வைத்தால், மிஞ்சின கதவை நாங்கள் விறகுக்குப் பிளக்கலாமா? பேனுக்கும் தப்பி வந்த ஒரு தாயை நாங்கள் ஏன் கொல்லவேண்டும்? அவன் அழிக்கிறான் என்பதுதான் நாங்கள் விடுவதற்குக் காரணம்.

இன்னொருவர், "பிடிச்சு விடுறது மீனைச் சித்திரவதை செய்யிறது, சாப்பிடப் பிடிக்கிறதுதான் நேர்மை" என்று எழுதியிருந்தார். நோர்வேயிலும் இப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்முள் இல்லாத தூண்டில் போடலாம், தண்ணிக்கு வெளியே எடுக்காமலே கழற்றலாம், ஈரக் கையால் பிடித்து அது தானாக உந்தும் வரை வைத்திருக்கலாம். சரியாகக் கழற்றி விட்ட மீன் பெரும்பாலும் உயிரோடு போகிறது. கோப்பைக்குள் போன சினை எங்கே போகும்? இதற்கு மேல் இந்த வாதத்துக்கு நான் மறுமொழி சொல்லப்போவதில்லை.

எனக்கு உண்மையாக நொந்தது வேறை. எனக்கு அந்தப் பட்டம் தந்த அதே ஆட்கள் கடலடியை வாருகிற இழுவைமடி வலைக்கு எதிராக எழுதினவர்கள். இலங்கையில் எங்கட வடக்குக் கடலில் ரோலர் படகுகள் இந்த வலையை இழுத்து, குஞ்சும் சினையும் அடிமண்ணும் வாரிக்கொண்டு போகிறது என்று சேர்ந்து கத்தினோம். 2017இல் இலங்கையில் இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் வந்தபோது சந்தோசப்பட்டோம். அப்போது சினை மீனுக்காக அழுதது எங்கட கடல் என்பதற்காக மட்டும்தானா? இந்த ஆறு எங்கட இல்லையா? என்ர பிள்ளைகள் நீந்தப் பழகினது இதில். முப்பது வருடமாக இந்தத் தண்ணியைக் குடிக்கிறேன். நாவாந்துறை எனக்கு ஊர் என்றால் இதுவும் ஊர்தான். இதைச் சொன்னதற்கு வால் பிடிக்கிறவன் என்றால், சரி, சொல்லிவிட்டுப் போங்கோ. ஆனால் என்ர அப்பா சின்னக் கண் வலை போட்ட ஆட்களோடு வாடியில் சண்டை பிடித்தபோது அங்கே ஒரு வெள்ளைக்காரனும் இருக்கவில்லை.

2024 ஜூனில் நோர்வேயில் 33 ஆறுகளில் சல்மன் பிடிப்பை ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். வடக்கே பின்லாந்து எல்லையில் ஓடுகிற தானா ஆற்றைச் சல்மன் பிடிப்புக்கு 2021இலேயே மூடிவிட்டார்கள். அவ்வளவு பெரிய ஆறு. எங்கட ஆற்றிலும் ஒருநாள் பாலத்தில் மீன்பிடித் தடைப் பலகை தொங்கும். அன்றைக்கு எல்லாரும் அரசாங்கத்தைத் திட்டுவோம்.

தம்பி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கட படத்துக்குக் கீழே எழுதினதை உள்பெட்டியில் எழுதியிருக்கலாம், அது என்ர பிழை. ஐப்பசிக் கடைசியில், தேவாலயத்துக்குப் பின்னால் இறங்குகிற சின்ன ஓடைக்கு இரவில் போவேன். தலை விளக்கைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தால் தெரியும். தாய் பக்கவாட்டில் சரிந்து வாலால் சரளையை அடித்து அடித்துக் குழி தோண்டும், வால் நுனி வெள்ளையாகத் தேய்ந்திருக்கும். போன வருடம் மூன்று குழி எண்ணினேன். உங்களுக்கு நேரம் இருந்தால் சொல்லுங்கோ, வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன். சப்பாத்து மட்டும் நீளமானதாகப் போட்டுக்கொண்டு வாங்கோ.