மாலுமிப் பட்டியல்கள் எரிந்துபோகவில்லை

"பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் மாலுமிப் பட்டியல்கள் எல்லாம் உலகப் போரில் எரிந்துவிட்டன, 1890-களில் லிவர்பூலில் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது வீண்" என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது தவறு. பட்டியல்கள் எரியவில்லை, சிதறிக் கிடக்கின்றன. 1863 முதல் 1938 வரையிலானவற்றில் சுமார் 70 சதவீதம் கனடாவில், நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1875, 1885 என 5-இல் முடியும் ஆண்டுகளுக்கு லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம். 10 சதவீத மாதிரி லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில்.

சரி, ஏன் கிடைப்பதில்லை? 1857-க்குப் பிறகு 1913 வரை மாலுமிகளுக்கு மையப் பெயர்ப் பதிவேடே கிடையாது. பட்டியல்கள் கப்பலின் பதிவு எண்படி அடுக்கியவை. ஆள் பெயரை மட்டும் சொன்னால் கைவிரித்துவிடுவார்கள். ஒரு கப்பலின் பெயர் தெரிந்தால் போதும். அந்தக் கப்பலின் பட்டியலில் ஒவ்வொரு மாலுமியின் வயது, பிறந்த ஊர், இதற்கு முன் வேலை பார்த்த கப்பல் எல்லாம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கப்பல் கப்பலாகப் பின்னோக்கிப் போகலாம். கப்பலை விட்டு இறங்கிய காரணம் எழுதிய கட்டத்தையும் பாருங்கள். அங்கே "ஓடிப்போனார்" என்று இருந்தால், வீட்டுக்குக் கடிதம் வராததன் காரணம் பிடிபட்டுவிடும் (இது அப்போது சகஜம்).

1915-ஆம் ஆண்டுப் பட்டியலைப் பெயர்வாரியாக இணையத்தில் இலவசமாகவே தேடலாம். அதுவரை கடலில் இருந்தாரா என்று முதலில் அங்கே பாருங்கள்.