உண்டியல் குலுக்குகிறேன் என்று சொன்ன அண்ணனுக்கு

மூன்று நாளாக எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நம் மாஸ்டடான் சர்வர் நின்றுபோனதும், அதன்பிறகு நான் பணம் கேட்டுப் பதிவு போட்டதும் உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: மாஸ்டடான் ட்விட்டர் மாதிரிதான், ஆனால் ஒரே கம்பெனியிடம் இல்லை, பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். என் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு அண்ணன் எழுதியதைப் பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள், இனி அனுப்ப வேண்டாம். ஆனால் "இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு இப்போது உண்டியல் குலுக்குகிறார்கள்" என்ற வரிக்குக் கீழே லைக் போட்டவர்களில் பாதிப்பேர் நம் சர்வரில் கணக்கு வைத்திருப்பவர்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

இலவசம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நமக்குச் சொந்தம் என்று சொன்னேன். சொந்தம் என்றால் செலவும் சேர்த்துத்தான் சொந்தம்.

2022 அக்டோபர் கடைசியில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனதே, அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். "மாஸ்டடானில் தமிழுக்கு ஓர் இடம் வேண்டும், யாராவது ஆரம்பியுங்கள்" என்று எத்தனை பேர் எழுதினீர்கள். அண்ணன் எனக்குத் தனியாகவே மெசேஜ் போட்டார். "தங்கச்சி, உன்னால்தான் முடியும்" என்றார். நானும் இரண்டு நண்பர்களும் டொமைன் வாங்கினோம், ஜெர்மனியில் ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்தோம். முதல் ஒன்றரை வருஷம் வாடகை எங்கள் மூன்று பேர் சம்பளத்திலிருந்து போனது. அப்போது யாரும் கணக்குக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜப்பானிலோ பிரேசிலிலோ வேறொரு சர்வரில் இருக்கும் ஒருவரைப் பின்தொடர்ந்தால், அவர் போடும் படங்களின் நகல் நம் சர்வருக்கும் வந்து சேரும். நூறு பேர் ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய நகல்களை அவ்வப்போது துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு அந்தத் துடைக்கும் வேலை ஓடவில்லை. டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. நான் மாமனாரின் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். அங்கேயே உட்கார்ந்து ஃபோனிலிருந்து உள்ளே போய்ச் சரிசெய்ய ஆறு மணி நேரம் ஆனது. ஒரு பதிவுகூடத் தொலையவில்லை. அதன்பிறகுதான் வரவு செலவை முழுசாகப் போட்டு, பெரிய டிஸ்க்குக்காக முடிந்தவர்கள் மாதம் 50 ரூபாய் கொடுங்கள் என்று கேட்டேன். முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம், கணக்கு அப்படியே இருக்கும் என்றும் அதே பதிவில் எழுதியிருந்தேன். அந்த வரியை ஏனோ ஸ்கிரீன்ஷாட்டில் காணவில்லை.

எங்கள் அம்மாச்சி ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாய்ப் பாசனம். மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வரத்துக்கால் வெட்டுவார்கள், கரையில் மண் போடுவார்கள், மடையைப் பார்ப்பார்கள். குடிமராமத்து. நீரைப் பங்கிட்டு விட நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கும் லாந்தரோடு வரப்பில் நடப்பாராம், கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறியதா என்று பார்க்க. அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது அவர் பங்கைத் தனியாக அளந்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு மூட்டை கட்டுவார்கள் என்று அம்மாச்சி சொல்லும். அந்த நெல்லை ஊரில் யாரும் பிச்சை என்று சொன்னதில்லை. வேலைக்கு வராத வீட்டைத்தான் பேசினார்கள்.

நான் கேட்டது அந்த நெல்லைக்கூட இல்லை. எனக்குச் சம்பளம் வேண்டாம். கரைக்கு மண் கேட்டேன்.

"பெரிய கம்பெனிகள் இலவசமாகத் தருகின்றனவே" என்கிறார்கள். தருகிறார்கள். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதை வைத்து விளம்பரம் விற்றுத் தருகிறார்கள். அதுவும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வரைதான். ஆர்க்குட் 2014 செப்டம்பரில் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. நம் நாட்டுச் செயலி, நம் மொழிகளுக்கான செயலி என்று கொண்டாடிய 'கூ' 2024 ஜூலையில் போனது. மூடலாமா என்று அங்கே இருந்தவர்களிடம் யார் கேட்டார்கள்? அந்த முடிவில் நமக்கு ஒரு ஓட்டாவது இருந்ததா?

"மாஸ்டடான் புரியவில்லை, எந்த சர்வரில் சேர்வது என்றே தெரியவில்லை" என்பவர்களுக்கு: மெயில் முகவரி எந்தக் கம்பெனியில் வாங்குவது என்று ஒருநாள் முடிவு செய்தீர்கள் அல்லவா, அவ்வளவுதான். எங்கே சேர்ந்தாலும் மற்ற சர்வர்களில் இருப்பவர்களோடு பேசலாம்.

"நீயும் குட்டி சர்வாதிகாரிதானே, நாளைக்கு நீ மூடிவிட்டால்?" இந்தக் கேள்வி நியாயமானது. மறுக்கவில்லை. மாஸ்டடான் டாட் லால் என்ற சர்வரை நடத்தியவர், பல்லாயிரம் கணக்குகள் இருந்த இடம் அது, வசவு தாங்காமல் மூடப் போவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தார். அப்போது அவரைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது திட்ட மாட்டேன். இதற்கு வழி இல்லாமல் இல்லை. சோஷியல் டாட் கூப் என்ற சர்வர் 2017இலிருந்து கூட்டுறவாக நடக்கிறது. உறுப்பினர்கள் பணம் போடுகிறார்கள், விதிகளை அவர்களே விவாதித்து வாக்களித்து முடிவு செய்கிறார்கள். நம்மிடமும் அதைச் செய்யலாம் என்று இரண்டு முறை கூட்டம் போட்டேன். முதல் கூட்டத்துக்கு ஏழு பேர். இரண்டாவதற்கு நான்கு பேர், அதில் மூன்று பேர் நாங்களே. சர்வாதிகாரி என்று சொல்ல நேரம் இருக்கிறது, வாக்களிக்க வர நேரம் இல்லை.

"இவ்வளவு பேசுகிறவள் ஏன் ஃபேஸ்புக்கில் எழுதுகிறாய்?" நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால்தான். வீடு அங்கே கட்டிவிட்டு இந்தத் தெருவில் வந்து நின்று கூப்பிடுகிறேன். இதில் என்ன குற்றம் என்று எனக்குப் புரியவில்லை.

டிஸ்க்கும் வாடகையும்கூடப் பெரிய விஷயம் இல்லை. புகார் வரிசை என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெண்ணின் படத்தை மார்ஃப் செய்து வேறொரு சர்வரிலிருந்து யாரோ அனுப்பினால், அதை முதலில் பார்க்கிற கண் என்னுடையது. பார்த்துத்தான் நீக்க முடியும். வசவையும் வெறுப்பையும் வளர்க்கிற சர்வர்களை ஒவ்வொன்றாகத் தேடி மொத்தமாகத் தடுத்து வைத்திருக்கிறோம். நம் டைம்லைன் அமைதியாக இருக்கிறது என்று பாராட்டுகிறீர்களே, அந்த அமைதி தானாக வந்ததில்லை. சில இரவுகளில் லேப்டாப்பை மூடிவிட்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்திருக்கிறேன். இதை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

ஏன் செய்கிறேன் என்று கேட்டால், ஒரு பெரியவரின் கடிதங்களைச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு மின்னஞ்சல் குழுவில் எழுதிக்கொண்டிருந்தோம். பெரிய நிறுவனம் ஒன்றின் இலவச சேவை. அதில் அவர் தாமிரபரணிக் கரையில் கழிந்த பிள்ளைப் பருவத்தை வாரம் ஒரு கடிதமாக எழுதினார். எந்தப் படித்துறையில் யார் துணி துவைப்பார்கள், வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது, எல்லாம் இருக்கும். எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். நிறுவனம் ஒருநாள் குழுக்களை மூடி, பழைய மடல்களை அழித்தது. முன்னறிவிப்பு வந்த மெயில் முகவரியை எங்களில் பலர் திறப்பதையே விட்டிருந்தோம். பெரியவர் தவறிய பிறகு அவர் மகள் என்னைக் கூப்பிட்டு, "அப்பா எழுதியது உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். என்னிடம் ஒன்பது இருந்தன. நூற்றுக்கும் மேல் எழுதியவர் அவர்.

அண்ணா, அந்தக் குழுவில் நீங்களும் இருந்தீர்கள். நம் சர்வரின் பேக்கப்பை நான் தினமும் இரண்டு இடத்தில் எடுத்து வைப்பது அந்த ஃபோனுக்குப் பிறகுதான். அதற்கும் மாதாமாதம் காசு போகிறது. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் உண்டியல் என்று எழுதினீர்கள்.

திங்கட்கிழமையிலிருந்து பதினேழு பேர் வேறு சர்வருக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். போகலாம். பூட்டி வைக்காமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. ஆனால் போகும் முன் அமைப்புகளில் போய் உங்கள் பதிவுகள் அடங்கிய ஆவணக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மாற்றும்போது பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. உங்கள் பழைய பதிவுகள் நம் சர்வரில் அப்படியே இருக்கும், நான் அழிக்க மாட்டேன். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் எனக்கு மெசேஜ் போடுங்கள், கூட இருந்து செய்து தருகிறேன். உங்களுக்கும்தான் அண்ணா.