அம்புக்குறியை யார் திருத்துவது?

இணையவழிப் படிப்புக்கு நான் எதிரி இல்லை. பாடங்களை இலவசமாக இணையத்தில் தரும் என்பிடெல் வந்த பிறகுதான் நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளும் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்பைக் கேட்க முடிகிறது. உட்வர்ட்-ஹாஃப்மன் விதிகள் மாதிரிக் கடினமான வேதியியல் பாடத்தில் புரியாத இடம் வந்தால் பின்னால் ஓட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். பெரிய வரம் அது.

என் ஆதங்கம் வேறு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வரைந்து படிக்க வேண்டிய பாடம். வினையில் எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும்.

மென்தைல் குளோரைடையும் நியோமென்தைல் குளோரைடையும் எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின் கார்பன் வளையத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆனால் சோடியம் ஈத்தாக்சைடு என்ற காரத்தைச் சேர்த்தால் நியோமென்தைல் சுமார் 200 மடங்கு வேகமாக வினைபுரிகிறது. குளோரினும் அதோடு வெளியேறும் ஹைட்ரஜனும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஆக்சியல் நிலையில், அதாவது வளையத்துக்குச் செங்குத்தாக, நிற்க வேண்டும். நியோமென்தைலில் அது இயல்பாகவே அமைந்திருக்கிறது. மென்தைலிலோ வளையம் புரண்டு, அதில் ஒட்டியிருக்கும் மூன்று தொகுதிகளும் நெருக்கடியான ஆக்சியல் நிலைக்குப் போனால்தான் வினையே நடக்கும்.

எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி இணையத் தேர்வில் இதற்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். அந்த வளையத்தின் நாற்காலி போன்ற வடிவத்தை வரைந்து, வினையை அம்பு போட்டுக் காட்டச் சொன்னேன். நேர் செங்குத்தாக நிற்க வேண்டிய ஆக்சியல் பிணைப்பைச் சாய்த்துப் போட்டாள். அம்பு ஹைட்ரஜனில் கிளம்பிக் காரத்துக்குப் போனது. எலக்ட்ரான் இருக்கிற இடத்திலிருந்துதானே அம்பு கிளம்ப வேண்டும்? அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை அவள் நோட்டை வாங்கிப் பார்த்தவர் யாருமில்லை. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிற கேள்வியில் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளம் வழியாகப் படிக்க, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021இல் வழிவிட்டது. சரி, படிக்கட்டும். அதைச் சாக்காக வைத்து அந்தப் பாடவேளையை அட்டவணையிலிருந்து எடுத்துவிடக் கூடாது. வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். கல்லூரியில் அந்த நேரம் முழுக்க வரையட்டும், மூலக்கூறின் பந்து-குச்சி மாதிரியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கட்டும். ஆசிரியர் பெஞ்சு பெஞ்சாகப் போய்ச் சிவப்புப் பேனாவில் அம்பைத் திருத்தட்டும்.

கடலூர் சிப்காட்டில் மருந்து, பூச்சிக்கொல்லி ஆலைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற இடம். அங்கே எதிர்பாராத ஒரு துணைப்பொருள் உருவானால், அது எங்கிருந்து வந்தது என்று தாளில் வரைந்துதான் தேட வேண்டும். நான்கு விடைகளை அங்கே யாரும் கொடுக்கப்போவதில்லை.

துறைத் தலைவர்கள் அடுத்த பருவத்து அட்டவணை போடும்போது வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது இப்படி வரைந்து பழக ஒதுக்குங்கள். அக மதிப்பீட்டில் பாதியைக் கையால் வரைந்த வினை வழிமுறைக்குக் கொடுங்கள்.