அவளுக்கு பஸ்தான் ஆஸ்பத்திரி

கொரோனா காலப் பிரசவங்களைப் பற்றி நேற்று நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. "கொரோனா காலத்துலயும் பிரசவத்துல ஒரு குறையும் இல்ல, நம்ம தாய்மார் சாவு சராசரியைப் பாருங்க" என்று சிரித்தபடி சொன்னாரே, அவருக்குத்தான் இது.

பார்த்தாச்சு சார். 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு கேரளாவில் 19 தாய்மார் சாவு, நம்ம தமிழ்நாட்டுக்கு 54, அசாமில் 195. அசாமைக் காட்டி மார்தட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் இரண்டு வருஷம் கொரோனாவுக்கு முந்தியது. சென்னையையும் ஜவ்வாது மலையையும் ஒன்றாகக் கலந்து வந்ததுதான் அந்த 54.

மலைக்கிராமத்துக் கர்ப்பிணிக்கு பஸ்தான் ஆஸ்பத்திரி. 2020 மார்ச்சில் நின்ற பஸ், ஜூனில் கொஞ்சம் ஓடி, ஜூலையில் மறுபடி நின்று, செப்டம்பரில்தான் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அது பாதிக் காலம். 20 வாரத்துக்குள் எடுக்கவேண்டிய ஸ்கேன் போச்சு; அதற்குமேல் பிள்ளைக்குக் குறை தெரிந்தால், கருவைக் கலைக்க அன்றைய சட்டப்படி கோர்ட்டுக்குத்தான் போகணும். எட்டாம் மாத பிரஷர் செக்கப்பும் போச்சு. 140/90 தாண்டியதைப் பிடிக்காவிட்டால் வலிப்பு வந்த பிறகுதான் தெரியும். கிராம சுகாதார செவிலியர் எங்கே என்பீர்கள். காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பியது யார்?

"108 இலவசம்தானே?" இலவசம்தான். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு யாராவது ஓடணும். வண்டி ரோடு முடிகிற இடம்வரைதான் வரும், அதுவரை தூளி கட்டித் தூக்கணும். உதிரம் நிற்காதவளுக்கு இரண்டு மணி நேரமே பெரிது. உதிரப்போக்கைத் தடுக்க, பிள்ளை பிறந்த ஒரு நிமிஷத்தில் தொடையில் போடவேண்டிய ஆக்ஸிடோசின் 10 யூனிட், 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கணும். வெயிலில் கிடந்தால் வீரியம் போய்விடும், ஊசி போட்டும் கர்ப்பப்பை சுருங்காது. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே என்றால் ரத்தம் வேணும். ஊரடங்கில் ரத்ததான முகாம் ஏது?

"கொரோனா டெஸ்ட் எடுக்காம எப்படிச் சேர்க்கிறது?" டெஸ்ட் வசதி இல்லையென்று கர்ப்பிணியை வேறிடம் அனுப்பக்கூடாது என்று 2020 ஏப்ரலிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லியாச்சு. ஜூனில் நொய்டாவில் எட்டு மாதக் கர்ப்பிணி 13 மணி நேரம் 8 ஆஸ்பத்திரி அலைந்து ஆம்புலன்ஸிலேயே செத்தாள். தலைநகரத்தை ஒட்டிய ஊரிலேயே அது.

"எங்க பாட்டி வீட்டுலயே பத்துப் பெத்தா." முதல் பிரசவத்திலேயே செத்த பாட்டிக்குப் பேரன் ஏது, கமெண்ட் போட?

மலையில், தேதிக்கு முன்பே வந்து தங்க பிரசவக் காத்திருப்பு அறை உண்டு, நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. வீட்டில் விட்டு வந்த மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

இதில் என்னை அறுப்பது வேறு. விவாதம் முழுக்க ஒருமுறைகூட அவர் "தாய்" என்று சொல்லவில்லை. "பயனாளி"யாம். பஸ் வராமல் ரோட்டில் நின்றவளும் பயனாளி, தூளியில் போனவளும் பயனாளி. என்ன பயனைக் கண்டாள் அவள்?