தெட்ஃபோர்டு பெருமைப்பட வேண்டிய ஆள் யாரு?

இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் தெட்ஃபோர்டுனு ஒரு சின்ன டவுன் இருக்கு. கேம்பிரிட்ஜ்ல இருந்து நார்விச் போற ரயில் நிக்கும், ஊருக்குள்ள ரெண்டு ஆறு சேருது, பழங்காலத்துல இருந்தே சந்தை கூடுற ஊர். இந்த ஊர்ப் பிரபலங்கள் யார் யாருனு யாரைக் கேட்டாலும் முதல்ல எழுத்தாளர் தாமஸ் பெய்ன், அடுத்து மகாராஜா துலீப் சிங், அதுக்கப்புறம் பிபிசியோட ஒரு பழைய காமெடி சீரியலை இங்க ஷூட் பண்ணதால அதுல வர்ற கேப்டன் கேரக்டர், அவருக்கு 2010ல சிலையே வச்சுட்டாங்க, பெஞ்சுல உக்காந்திருப்பார், பக்கத்துல உக்காந்து போட்டோ எடுத்துக்கலாம். சந்தோஷம். ஆனா இந்த லிஸ்ட்ல ஆலன் கிளைசியர் மின்ஸ்னு ஒரு டாக்டர் பேரு கடைசியில வருது, பல சமயம் வர்றதே இல்ல. என்னைக் கேட்டா அந்தப் பேருதான் முதல்ல வரணும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல பெய்ன். 1737ல இந்த ஊர்லயே பிறந்தவர். அப்பா குவேக்கர்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், தொழில் பெண்களோட உள்கச்சு தைக்கிறது. அந்தக் காலத்து கச்சு சாதாரண துணி இல்ல, கெட்டித் துணியில நெருக்கமா வரிசை வரிசையா தையல் போட்டு, ஒவ்வொரு வரிசைக்குள்ளயும் திமிங்கலத்தோட வாயில இருந்து எடுக்கிற நாரை பட்டை பட்டையா சீவி சொருகணும், கை கண்ணு ரெண்டும் போயிடுற வேலை. பையன் 13 வயசு வரைக்கும் ஊர் கிராமர் ஸ்கூல்ல படிச்சான், லத்தீன் மட்டும் வேணாம்னுட்டாங்க, அப்புறம் அப்பாகூட அதே பட்டறையில உக்கார வச்சுட்டாங்க. ஊர் எப்படி இருந்துச்சுனா, பார்லிமென்டுக்கு ரெண்டு எம்பி அனுப்புற ஊர், ஆனா ஓட்டு போடறது ஊர்க்காரங்க இல்ல, கார்ப்பரேஷன்ல உக்காந்திருந்த முப்பது பேர் சொச்சம், அவங்களும் கிராஃப்டன் டியூக் கை காட்டுற ஆளுக்குத்தான் போடுவாங்க. வருஷா வருஷம் பிரிட்டிஷ் நீதிபதிங்க ஊருக்கு வந்து கோர்ட் நடத்துவாங்க, சின்னத் திருட்டுக்கெல்லாம் தூக்கு போட்ட காலம். இதெல்லாத்தையும் பார்த்து வளர்ந்த பையன்தான் பின்னாடி ராஜ பரம்பரைங்கிற சமாச்சாரத்தையே கேள்வி கேட்டான். அதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

பெய்னோட வாழ்க்கையில முதல் 37 வருஷம் முழுக்க தோல்விதான். கச்சுக்கடை நொடிச்சுப் போச்சு, எக்சைஸ் வரி வசூல் பண்ற உத்தியோகம் கிடைச்சுது, ரெண்டு தடவை அந்த வேலையையும் பறிச்சாங்க, நடுவுல எக்சைஸ்காரங்களுக்கு சம்பளம் பத்தலனு பார்லிமென்டுக்கு ஒரு மனு எழுதினார், ஒண்ணும் நடக்கல. 1774ல அமெரிக்கா கப்பல் ஏறினார். 1776 ஜனவரியில 'காமன் சென்ஸ்' வந்துச்சு, பிரிட்டன்கிட்ட சமாதானம் பேசிட்டிருந்த ஜனங்களை சுதந்திரம்தான் வேணும்னு பேச வச்ச புத்தகம் அது. அப்புறம் 1791, 1792ல ரெண்டு பாகமா 'ரைட்ஸ் ஆஃப் மேன்'. ரெண்டாவது பாகத்துல வயசானவங்களுக்கு அரசாங்கமே வருஷா வருஷம் பணம் குடுக்கணும், 50 வயசுக்கு மேல ஆறு பவுண்டு, 60க்கு மேல பத்து பவுண்டு, அது தானம் இல்ல உரிமைனு கணக்குப் போட்டு எழுதியிருக்கார். பென்ஷன்ங்கிற பேச்சே இல்லாத காலத்துல! நம்ம ஜோதிராவ் புலே சின்ன வயசுல படிச்சு அசந்து போனது இந்தப் புத்தகத்தைத்தான்.

சரி, சொந்த நாடு என்ன பண்ணுச்சு? 1792 டிசம்பர்ல, ஆள் பிரான்ஸ்ல இருக்கும்போதே லண்டன்ல கேஸ் நடத்தி ராஜதுரோக எழுத்துனு குற்றவாளியாக்கினாங்க. அந்தக் குளிர்காலம் பூரா இங்கிலாந்துல ஊர் ஊரா அவரோட கொடும்பாவியை எரிச்சாங்க. பிரான்ஸ்லயும் நிம்மதி இல்ல, ராஜாவோட தலையை வெட்டாதீங்க, நாடு கடத்துங்கனு மன்றத்துல பேசினதுக்கு அப்புறம் அங்கயும் சந்தேகப்பட்டு ஜெயில்ல போட்டாங்க. 1809ல நியூயார்க்ல செத்தப்போ அடக்கத்துக்கு வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். பத்து வருஷம் கழிச்சு வில்லியம் காபெட்னு ஒரு பத்திரிகைக்காரர் அவர் எலும்பைத் தோண்டி, மரியாதையா ஒரு நினைவிடம் கட்டறேன்னு இங்கிலாந்து கொண்டுவந்தார், அதுவும் நடக்கல, கடைசியில எலும்பே எங்க போச்சுனு தெரியல. இவ்வளவும் முடிஞ்சு 1964லதான் தெட்ஃபோர்டு கிங் ஸ்ட்ரீட்ல தங்க முலாம் பூசின சிலை வந்துச்சு, அதுவும் அமெரிக்காவுல இருந்து பெய்ன் பேர்ல இருக்கிற அமைப்பு குடுத்தது, ஊர்ல எதிர்ப்பும் இருந்துச்சு. கிட்டப்போய்ப் பாருங்க, ஒரு கையில இறகுப் பேனா, இன்னொரு கையில 'ரைட்ஸ் ஆஃப் மேன்', ஆனா புத்தகம் தலைகீழா இருக்கும். சிற்பி சார்லஸ் வீலர் வேணும்னேதான் அப்படிச் செஞ்சார், ஜனங்க நின்னு ஏன்னு கேக்கணும்னு சொல்றாங்க. நானும் நின்னு கேட்டவன்தான்.

அடுத்து துலீப் சிங். இவர் கதை தெரிஞ்சவங்க நிறைய பேர் இருப்பீங்க. அஞ்சு வயசுல பஞ்சாப் மகாராஜா, பத்து வயசுல கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டையும் பிடுங்கி கோஹினூரையும் பிடுங்கி அம்மாகிட்ட இருந்தும் பிரிச்சு, மதம் மாத்தி, 1854ல இங்கிலாந்து கொண்டு போனாங்க. தெட்ஃபோர்டுக்கு ஒரு நாலு மைல் தள்ளி எல்வடன்ங்கிற இடத்துல 17,000 ஏக்கர் எஸ்டேட், உள்ள முகலாய பாணியில வேலைப்பாடு செஞ்ச மாளிகை. வெளிய பார்த்தா இங்கிலீஷ் ஜமீன்தார், வேட்டைக்குப் பேர் போனவர். 1886ல போதும்டானு இந்தியாவுக்குக் கிளம்பினார், ஏடன்லயே மறிச்சுட்டாங்க, அங்கயே திரும்ப சீக்கியரா மாறினார், 1893ல பாரிஸ்ல ஒரு ஹோட்டல்ல செத்துப்போனார். எல்வடன் சர்ச்சுலதான் புதைச்சிருக்காங்க. 1999ல தெட்ஃபோர்டு ஆத்துத் திட்டுல குதிரை மேல உக்காந்த மாதிரி சிலை வச்சு, அப்போ இளவரசரா இருந்த சார்லஸ் திறந்து வச்சார். யாரோட முப்பாட்டியோட ஆட்சி அந்தப் பையனோட நாட்டை எடுத்துச்சோ அவங்க வீட்டுப் பிள்ளையே வந்து திறக்கிறார். எனக்கு அதுல மனசு ஆறல. சிலை இருக்கட்டும், நல்ல சிலைதான், ஆனா குதிரை மேல கம்பீரமா உக்கார வச்சுட்டா பறிச்ச கதை மறைஞ்சு போயிடும்.

அவரோட பிள்ளைங்களைப் பத்தி நான் ஒரு பதிவு தனியாவே போடணும். மகன் ஃபிரெடரிக் நார்ஃபோக் பழைய சர்ச்சுகளையும் கட்டடங்களையும் காப்பாத்த ஓடித்திரிஞ்சவர், தெட்ஃபோர்டு ஒயிட் ஹார்ட் ஸ்ட்ரீட்ல இருக்கிற டியூடர் காலத்து மரவீட்டை விலைக்கு வாங்கி மியூசியம் வைங்கடானு ஊருக்கே குடுத்துட்டார். இன்னிக்கும் அது மியூசியம்தான், உள்ள போனா அண்ணாந்து பாருங்க, ஐநூறு வருஷத்து ஓக் உத்தரம், செதுக்கின கோடெல்லாம் அப்படியே இருக்கு. நாட்டைப் பறிச்சவங்களோட ஊருக்கு அந்த ஊரோட சரித்திரத்தையே பாதுகாத்துக் குடுத்திருக்கார், அந்த மனசு எனக்கெல்லாம் வராது.

மகள் சோஃபியா இன்னும் மேல. விக்டோரியா ராணியோட ஞானமகள், எல்வடன்ல வளர்ந்தவங்க, ஹாம்டன் கோர்ட் அரண்மனையில ராணி குடுத்த வீட்டுல இருந்துக்கிட்டே அந்த அரண்மனை வாசல்ல நின்னு பெண்கள் ஓட்டுரிமைப் பத்திரிகை வித்தாங்க. 1910 நவம்பர்ல பார்லிமென்டுக்கு ஊர்வலம் போய் போலீஸ் பெண்களை அடிச்சு நொறுக்கின அன்னிக்கு முன்வரிசையில இருந்தாங்க. ஓட்டு இல்லையா, அப்போ வரியும் இல்லனு வண்டிக்கு, நாய்க்கு, வேலைக்காரருக்குக் கட்டவேண்டிய லைசென்ஸ் பணத்தைக் கட்டல. கோர்ட்ல அபராதம், அதையும் கட்டல, உடனே ஏழு கல் வைர மோதிரத்தை ஜப்தி பண்ணி ஏலம் விட்டாங்க. ஏலத்துல கூட்டாளிப் பெண்மணி ஒருத்தர் அதை எடுத்து அவங்க கையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, வரி வசூல் பண்ற உத்தியோகத்துல இருந்த தெட்ஃபோர்டுக்காரர் ஒருத்தர், ஓட்டு இல்லாதவன் வரி கட்டமாட்டேன்னு சண்டை போட்ட அமெரிக்காவுக்கு எழுதிக் குடுத்தார், நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு நாலு மைல் தள்ளி வளர்ந்த பொண்ணு அதே பாயின்ட்டை வச்சு பிரிட்டிஷ் அரசாங்கத்தையே எதிர்த்து நின்னிருக்கு.

இப்போ மின்ஸுக்கு வர்றேன். 1858ல பஹாமாஸ்ல இனாகுவா தீவுல பிறந்தவர், கறுப்பினத்தவர். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில டாக்டருக்குப் படிச்சார். அண்ணன் ஏற்கனவே தெட்ஃபோர்டுல டாக்டர், இவரும் அங்கயே வந்து சேர்ந்தார், ஏழைங்களை அடைச்சு வைக்கிற வொர்க்ஹவுசுக்கும் ஊர் ஆஸ்பத்திரிக்கும் டாக்டரா இருந்தார். அதாவது ஊர்ல ரொம்ப இல்லாதப்பட்டவங்க முகத்தை தினம் பார்த்தவர். 1903ல கவுன்சிலர், 1904ல மேயர், அடுத்த வருஷமும் அவரையே மேயராக்கினாங்க. பிரிட்டன்ல முதல் கறுப்பின மேயர். லண்டன் பேட்டர்ஸீல ஜான் ஆர்ச்சர் மேயரானது 1913லதான், ரொம்ப நாள் அவரைத்தான் முதல்னு சொல்லிட்டிருந்தாங்க.

1904 எப்படிப்பட்ட காலம்னு நெனச்சுப் பாருங்க. சாம்ராஜ்யம் உச்சத்துல இருக்கு, வெள்ளைக்காரன்தான் ஆளப் பிறந்தவன்னு ஸ்கூல் புத்தகத்துலயே சொல்லிக் குடுத்த நேரம். அப்போ நார்ஃபோக்ல ஒரு சந்தை ஊர் ஜனங்க, பெரிய புரட்சி பேச்செல்லாம் பேசாம, நம்ம டாக்டர் நல்லவர், இவர் இருக்கட்டும்னு ஓட்டு போட்டிருக்காங்க, கவுன்சில் கூடி மேயர் சங்கிலியைக் கழுத்துல போட்டிருக்கு. பெய்னை இந்த ஊர் தேர்ந்தெடுக்கல, அவர் ஓடிப்போனப்புறம், செத்து 155 வருஷம் கழிச்சு சிலை வச்சுது. துலீப் சிங்கையும் இந்த ஊர் கூப்பிடல, அவர் விதி கொண்டுவந்து போட்ட இடம். மின்ஸ் ஒருத்தரைத்தான் உயிரோட இருக்கும்போது, பக்கத்துத் தெருவுல நடமாடும்போது, இந்த ஊர் தானா பார்த்து எடுத்துக்கிச்சு. பெய்ன் பிறந்தப்போ முப்பது பேர் டியூக் சொல்றபடி ஆடின ஊர் இது! அதனாலதான் சொல்றேன், மின்ஸைப் பத்திப் பேசும்போது மட்டும்தான் நாம தெட்ஃபோர்டு ஜனங்களையும் சேர்த்துப் பாராட்டறோம்.

அவர் மகன் ஆலன் நோயல் மின்ஸும் டாக்டர்தான். கறுப்பினத்தவருக்கு ராணுவத்துல ஆபீசர் பதவி கிடைக்கிறதே அபூர்வமா இருந்த நேரத்துல முதல் உலகப்போர்ல ராணுவ டாக்டரா போய் டிஎஸ்ஓ, மிலிட்டரி கிராஸ்னு ராணுவ ஆபீசர்களுக்குக் குடுக்கிற ரெண்டு பெரிய விருதும் வாங்கினார். 1921லயே போய்ச் சேர்ந்துட்டார், பாவம்.

இதே ஊர்ல 2004ல யூரோ கோப்பையில போர்ச்சுகல்கிட்ட இங்கிலாந்து தோத்த ராத்திரி, போர்ச்சுகல்காரங்க நடத்தின பப்பைக் கும்பல் சூழ்ந்துக்கிட்டு கண்ணாடியெல்லாம் உடைச்சுது, உள்ள ஜனங்க மாட்டிக்கிட்டாங்க. அங்க கோழி பேக்டரியிலயும் பண்ணையிலயும் வேலைக்கு வந்து குடியேறின போர்ச்சுகல் குடும்பங்க இப்போ நிறைய. அந்தப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல மின்ஸ் பேரை சத்தமா சொல்லணும். சீரியல் கேப்டனுக்கு பெஞ்ச் போட்ட ஊரால டாக்டருக்கு ஒரு சிலை வைக்க முடியாதா? வெண்கலம் வேணாம், தங்க முலாமும் வேணாம், ஊர் நடுவுல ஜனங்க கண்ணுல படற இடத்துல இருந்தா போதும்.

நார்விச், கேம்பிரிட்ஜ் பக்கம் இருக்கிற நண்பர்கள் ஒரு சனிக்கிழமை போய்ட்டு வாங்க. முதல்ல ஒயிட் ஹார்ட் ஸ்ட்ரீட் மியூசியம், மின்ஸைப் பத்தி அங்க இருக்கிறவங்ககிட்ட கேளுங்க, கேக்கக் கேக்கத்தான் அவங்களும் இன்னும் நிறைய வைப்பாங்க. அப்புறம் பெய்ன், அப்புறம் ஆத்துத் திட்டு. எல்வடன் சர்ச்சுக்கு கார் வேணும்.