எட்டு போட்டா மைனஸ் வருது சார்

பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப அக்கா பொண்ணு திண்ணையில உக்காந்து லேப் ரெக்கார்டு எழுதிட்டு இருந்தா. ஃபர்ஸ்ட் இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங், தஞ்சாவூர் பக்கம் ஒரு காலேஜ். ஃபேக்டோரியல் புரோகிராம், அதாவது 1-லேர்ந்து குடுத்த நம்பர் வரைக்கும் எல்லாத்தையும் பெருக்குறது. இன்புட் 5, அவுட்புட் 120. அதப் பாத்ததும் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல, ஏன்னா 2006-ல நானும் இதே மாதிரி ஒரு நோட்டுல இதே 5, இதே 120-தான் எழுதுனேன். இவ்வளவு வருஷம் ஓடிருச்சு, சி லாங்குவேஜ் போயி பைத்தான் லாங்குவேஜ் வந்துருச்சு, சிலபஸ் பல தடவ மாறிருச்சு, அந்த 5 மட்டும் அப்புடியே இருக்கு.

எங்க லேப்ல அப்ப டர்போ சி, சி புரோகிராம் எழுதி ஓட்டுற சாஃப்ட்வேர். நீலக் கலர் ஸ்கிரீன் வருமே, அதேதான், அப்பவே பழைய சாமான் அது. ரெண்டு பேருக்கு ஒரு சிஸ்டம். எங்களுக்கு 5 போட்டு 120 வந்துருச்சு, லேப் முடிய இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு, சும்மா இருக்க முடியாம 6 போட்டேன் 720, 7 போட்டேன் 5040, 8 போட்டேன், மைனஸ் 25216-னு வந்து நின்னுச்சு. எட்டு நம்பரப் பெருக்குனா மைனஸ் எப்புடிங்க வரும்? கையால போட்டுப் பாத்தா 40320. மறுபடி ஓட்டுனேன், மறுபடியும் மைனஸ். எந்திரிச்சுப் போயி "சார், எட்டு போட்டா மைனஸ் வருது சார்"னு சொன்னேன். அவரு ஸ்கிரீனப் பாத்தாரு, "ரெக்கார்டுல 5தானப்பா இருக்கு, 5 போடு"ன்னாரு. நானும் 5 போட்டேன். நோட்டுல எழுதுனேன், கையெழுத்து வாங்குனேன், பத்துக்குப் பத்து.

அந்த மைனஸுக்கு என்ன காரணம்னு எனக்குத் தெரிஞ்சது நாலு வருஷம் கழிச்சு, மெட்ராஸ்ல மொத வேலையில, பக்கத்து சீட்டு அண்ணன் ஒருத்தர் டீ குடிக்கிறப்ப டிஷ்யூ பேப்பர்ல வரைஞ்சு காட்டுனப்பதான். டர்போ சி-ல இன்ட்டுன்னா, அதாவது முழு எண்ணப் போட்டு வைக்கிற எடம், 16 பிட்டு, பதினாறு 0-1 கட்டம்தான். அதுல அடங்குற பெரிய நம்பர் 32767. அதுக்கு மேல போனா பழைய ஸ்கூட்டர் மீட்டர் ஒரு சுத்து சுத்தி ஆரம்பத்துக்கு வர்ற மாதிரி சுத்திரும், இங்க ஆரம்பம்ங்கிறது மைனஸ் 32768. 40320-ல 65536-ஐக் கழிங்க, மைனஸ் 25216. அவ்வளவுதான். பத்து நிமிஷப் பேச்சு. அந்தப் பத்து நிமிஷம் எங்க ஃபர்ஸ்ட் இயர் லேப்ல நடந்துருந்தா நான் கம்ப்யூட்டருக்குள்ள நம்பர் எப்புடி உக்காந்துருக்குன்னு அன்னிக்கே பாத்துருப்பேன்.

இது என்ன பெரிய விஷயம்னு நெனைக்கிறவங்க நம்ம ஊரு நெல் கொள்முதல் நிலையத்துல வச்சுப் பாருங்க. ஒரு மூட்டை 40 கிலோ. அந்த மாதிரி ஒரு இன்ட்டுல மொத்த எடையக் கூட்டிட்டே போறோம்னா 819 மூட்டை வரைக்கும் சரியா வரும், 32760. 820-வது மூட்டையத் தராசுல வச்சதும் மொத்த எடை மைனஸ் 32736-ன்னு காட்டும். 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாக்காரன் விட்ட ஏரியன் 5 ராக்கெட்டு கிளம்பி 40 செகண்டுக்குள்ள வெடிச்சதும் இதே கதைதான், ஏரியன் 4-க்கு எழுதுன கோட அப்புடியே எடுத்துப் போட்டுட்டாங்க, ஒரு பெரிய நம்பர 16 பிட்டுக்குள்ள அடைக்கப் போயி அது அடங்கல. பழைய ராக்கெட்டுல அந்த நம்பர் அவ்வளவு பெருசாப் போகல, அதனால ஒண்ணும் தெரியல. அங்கயும் 5 போட்டுப் பாத்து 120 வந்துருச்சுன்னு விட்ட மாதிரிதானே இது?

நான் இப்ப கம்பெனில புதுசா வர்ற புள்ளைங்கள இன்டர்வியூ எடுக்குறேன். நம்ம டெல்டா புள்ளைங்க ரெஸ்யூம் வந்தா தனியா எடுத்து வச்சுப் பாப்பேன், அத மறைக்க விரும்பல. மார்க்கு எல்லாம் நல்லா இருக்கும். ஒரு சின்ன புரோகிராம்ல வேணும்னே ஒரு தப்ப வச்சுக் குடுத்து "இது ஏம்மா ஓடல, கண்டுபுடி"ன்னா கை நடுங்குது. தப்ப அவங்க பாத்ததே இல்ல. நாலு வருஷமும் சரியா வந்த அவுட்புட்டு மட்டும்தான் நோட்டுல ஏறிருக்கு, தப்பா வந்ததெல்லாம் அழிச்சாச்சு. ஆனா வேலைக்கு வந்தா எங்க பொழுதுல பெரும்பகுதி தப்பு எங்கன்னு தேடுறதுலதான் போகுது. வயல்ல இறங்காம வரப்புல நின்னே நாலு வருஷம் விவசாயம் படிச்ச மாதிரி ஆயிருது.

அதனால நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். லேப்ல தப்புக்கு எடம் குடுங்க. ரெக்கார்டுல "எது போட்டா ஓடல, ஏன் ஓடல"ன்னு ஒரு பக்கம் கட்டாயம் வைங்க, அதுக்கு மார்க்கு போடுங்க. இதுக்கு யுனிவர்சிட்டி உத்தரவு வரணும்னு யாரும் காத்திருக்க வேணாம். அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல லேப் பேப்பருக்கு இன்டர்னல் 60, எக்ஸ்டர்னல் 40. அந்த 60 காலேஜு கையிலதான இருக்கு? அதுல 20 எடுத்து இதுக்கு வைக்கலாமே. தியரி பேப்பர்லயும் பத்து டூ மார்க்கு, அஞ்சு 13 மார்க்கு, கடைசில ஒரு 15 மார்க்குன்னு வருதுல்ல, அந்த 15 மார்க்குலயாச்சும் ஓடாத புரோகிராம் ஒண்ணக் குடுத்து சரி பண்ணச் சொல்லலாம், அதுக்கு மனப்பாடம் பண்ண வழியே இல்ல. இப்ப கோடு எழுதித் தர்றதுக்கு சாட்ஜிபிடி வந்துருச்சு, 5 போட்டா 120 வர்ற கோட அது கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள குடுத்துரும், அது தப்பாப் போற எடத்தக் கண்டுபுடிக்கிற புள்ளைதான இனிமே வேணும்.

எல்லாப் பழியயும் சாருங்க தலையில தூக்கிப் போட நான் வரல. அன்னிக்கு "5 போடு"ன்னு சொன்னவருக்கு அப்ப என்ன சம்பளம் குடுத்துருப்பாங்கன்னு இப்ப யோசிச்சா மனசு கஷ்டமா இருக்கு. என் கிளாஸ்மேட் ஒருத்தி இன்னிக்கு ஒரு காலேஜுல அசிஸ்டென்ட் புரொஃபசர், அவ கோடு எழுதுற நேரத்த விட காலேஜுக்குத் தரச் சான்று வாங்க என்பிஏ ஃபைலு, நாக் ஃபைலு எழுதுற நேரம்தான் ஜாஸ்தி, ஏப்ரல் மே வந்தா பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்க வீட்டுக்கு அட்மிஷன் கேட்டு ஊர் ஊராப் போகணும், மன்னார்குடியிலேர்ந்து முத்துப்பேட்டை வரைக்கும் வெயில்ல போயிட்டு வந்தேன்டான்னு போன்ல அழுதா. அவகிட்ட போயி ஏன் புள்ளைங்களுக்கு பக்கத்துல உக்காந்து தப்பு கண்டுபுடிச்சுத் தரலன்னு எந்த மூஞ்சிய வச்சு கேக்குறது? வாத்தியார வாத்தியாரா இருக்க விடுங்க. இத மேனேஜ்மென்ட்டுக்குத்தான் சொல்றேன்.

அப்புறம் பஸ்ஸு. இத யாரும் எழுதி நான் பாத்ததில்ல. நம்ம பக்கம் புள்ளைங்க காலேஜ் பஸ்ஸ நம்பித்தான் இருக்கு, நாலரைக்கு பஸ் எடுத்துட்டா கேம்பஸ் காலி, நாலு மணிக்கே லேப்பப் பூட்டிருவாங்க. ஒரு தப்பத் தேட ஆரம்பிச்சு சூடு புடிக்கிற நேரத்துல மணி அடிச்சுரும். ஹாஸ்டல் புள்ளைங்களுக்காச்சும் பரவாயில்ல, திருத்துறைப்பூண்டி உள்கிராமத்துலேர்ந்து வர்ற பொம்பளப் புள்ளைக்கு வீட்டுல லேப்டாப் இல்லன்னா அவ்வளவுதான். வாரத்துல ரெண்டு நாளு, ஏழு மணிக்கு ஒரு பஸ் விடுங்க, லேப்பத் தொறந்து வைங்க. ஏசி ஸ்மார்ட் கிளாஸ்ரூம் கட்டுற காசுல பத்துல ஒரு பங்கு டீசலுக்குப் போகுமா?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டப் பத்தியும் சொல்லிடுறேன். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போயி காசு குடுத்தா ஐஇஇஇன்னு இன்ஜினியருங்க சங்கம் போடுற ஆராய்ச்சிப் பேப்பர் டைட்டில்லேர்ந்து ரிப்போர்ட் பைண்டிங் வரைக்கும் செஞ்சு குடுத்துருவாங்க, என் பேட்ச்சுலயும் வாங்குனாங்க. அதே புள்ளைங்க வீட்டுல ஜூன் 12-ல மேட்டூர் தொறந்தா அப்பா ஒவ்வொரு ஊருக்கா போன் போட்டு தண்ணி எதுவரைக்கும் வந்துருக்குன்னு கேட்டுட்டு இருப்பாரு. கல்லணையில பிரிஞ்சு, வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்புல மறுபடி கோரையாறு, பாமணியாறுன்னு பிரிஞ்சு கடைமடைக்குப் போற கணக்க விட, ட்ரீன்னு கிளை கிளையாப் பிரியுற டேட்டா அமைப்புக்கு நல்ல உதாரணம் எந்தப் புக்குல இருக்கு? தண்ணி கொறஞ்சா முறை வச்சு விடுறோமே, ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துல ரவுண்ட் ராபின்னு மனப்பாடம் பண்றது அதேதான். அண்ணா யுனிவர்சிட்டி 2010-லயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்ல சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுருச்சு, லேப்ல நின்னு இதத் தமிழ்ல சொல்றதுக்கு யாருகிட்ட பர்மிஷன் வேணும்?

அக்கா பொண்ணு கதைய விட்டுட்டேன். அவகிட்ட "5 வேணாம், 2000 போடு"ன்னேன். பைத்தான்ல நம்பர் எவ்வளவு பெருசானாலும் மைனஸுக்குப் போகாது, ஆனா அவ எழுதிருந்தது ரிகர்ஷன், ஒரு ஃபங்ஷன் தன்னையே மறுபடி மறுபடி கூப்புடுற முறை. என் லேப்டாப்ல அடிச்சு ஓட்டுனா, ஸ்கிரீன் நெறையச் செவப்பா எரர் வந்துச்சு, பயந்துட்டா. "நான் என்ன மாமா தப்பு பண்ணேன்"னு கேட்டா. ஒண்ணும் பண்ணல, உக்காருன்னு சொல்லி, கொள்முதல் நிலையத்துல மூட்டைய அட்டி போடுறாங்கல்ல, ஒண்ணு மேல ஒண்ணு, கடைசியா வச்சதத்தான மொத எடுக்க முடியும், உன் ஃபங்ஷன் தன்னையே கூப்புடுறப்ப எல்லாம் ஒரு மூட்டை ஏறுது, பைத்தான் ஆயிரம் வரைக்கும்தான் அட்டி போட விடும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனயே பாத்துட்டு இருந்தா. அப்புறம் என்னக் கேக்காமலே 990 போட்டா, 995 போட்டா, எந்த நம்பர்ல ஒடையுதுன்னு அவளே தேட ஆரம்பிச்சுட்டா, அக்கா மூணு தடவ சாப்புடக் கூப்புட்டும் வரல.

லீவு முடிஞ்சு காலேஜு போனவ நேத்து ராத்திரி வாட்ஸாப்ல ஒரு போட்டோ அனுப்புனா. மேடத்துகிட்ட காட்டிருக்கா, மேடம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு, ஆனா ரெக்கார்டுல இதுக்கு எடம் இல்லம்மான்னுட்டாங்களாம். அதனால நோட்டுக்குக் கடைசிப் பக்கத்துல, பென்சில்ல, அட்டி படம் போட்டு அந்த நம்பர எழுதி வச்சுருக்கா.